சூரியனுக்குச் சாட்சி சொன்ன கோவிந்தம்மாவுக்கு

என் உயிரான அக்கா,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் நீ கடைசிவரை காத்திருந்தாய். இன்னும் ஐந்து நாள் பொறுத்திருந்தால் உன் காதிலேயே சொல்லியிருப்பேன். நீ பொறுக்கவில்லை. உடம்பு பொறுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நீ எதற்குத்தான் பொறுக்காமல் இருந்திருக்கிறாய்?

இதை ஊரறியத்தான் எழுதுகிறேன். நகரிப் பக்கம் நம் ஊரில் உன்னைத் தெரியாதவர் இல்லை. பதினேழு வயதில் தாலி அறுத்தவள், படித்து டீச்சரானவள், பைத்தியம் மாதிரி தினமும் சூரியனைப் படம் போட்டவள் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அந்தப் படம் எதற்கு ஆயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பட்டாளத்து கேப்டனிடம் அனுமதி கேட்டேன். எந்த அலைவரிசை, எந்த மலை, எந்தப் பிரிவு என்று எதையும் எழுதக் கூடாது, மற்றதை எழுது என்றார். மற்றதுதான் எனக்கும் முக்கியம்.

முதலில் ஊர்ச் சேதி. தமிழ், தெலுங்கு மாநில எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நம் ஊர் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. சின்னம்மா வீட்டுக்குப் போவதென்றால் இனிமேல் வேறு மாநிலத்துக்குப் போவதாகக் கணக்கு. நம்மைப் பெற்ற நைனா அதைக் கேட்டுவிட்டு, "நான் போற வரப்பு அதேதான இருக்குது?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். கயிற்றுக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நம் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நீ. நைனாவும் அவருடைய நைனாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். உன் புருஷன் பாம்பு கடித்துச் செத்த வருஷம், உன்னை மூலையில் உட்கார வைக்காமல் மிஷன் விடுதிக்கு அனுப்பினது நைனாதான். அதே நைனா, நீ திருப்பதியில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராகப் போன பிறகு, உன் அறையில் வட்டம் வட்டமாகப் படம் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மே, இன்னாமே இது? பொரி சட்டி மாதிரி வரைஞ்சு வரைஞ்சு ஒட்டிக்கினு இருக்கிற?"

"சூரியன் நைனா. இந்தக் கறுப்பெல்லாம் அதுமேல இருக்கிற புள்ளி."

"சூரியன்ல புள்ளியா? உனுக்குக் கண்ணு கெட்டுப் போச்சு."

உன் கண் கெடவில்லை. பள்ளிக்கூடத்தில் பழைய தலைமையாசிரியை ஒருத்தி விட்டுப்போன பித்தளைத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதை நீ ஒருநாளும் கண்ணில் வைத்துப் பார்த்ததில்லை. சூரியன் பக்கம் திருப்பிப் பிடித்து, மறுமுனையில் வெள்ளை அட்டையை வைத்து, அட்டையில் விழும் வெளிச்ச வட்டத்தில் தெரியும் கறுப்புப் புள்ளிகளைப் பென்சிலால் குறித்துக்கொள்வாய். காலை மணி அடிப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் அதற்கு. ஞாயிற்றுக்கிழமையும் சாவி வாங்கிப் போவாய். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "யாரும் குறிக்கல. அதான்" என்றாய். அவ்வளவுதான் உன் விளக்கம்.

நான் பட்டாளத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர் ஆன கதையைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். நகரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் சிறிய நிலையம். நாலு ஆபரேட்டர், ஒரு சுபேதார், ஒரு கேப்டன். வடக்கு எல்லையில் பனிமலை மேல் இருக்கும் எங்கள் ஆட்கள் அனுப்பும் செய்தி, அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தலைமையிடத்துக்கு நேராகக் கேட்காது. ஆயிரம் மைலுக்கு மேல் தெற்கே இருக்கிற எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். சிற்றலையின் குணமே அது. வானத்தில் ஏறி, மேலே ஓர் அடுக்கில் பட்டுத் திரும்பித் தூரத்தில் போய் விழும், பக்கத்தில் இருப்பவனைத் தாண்டிவிடும். அதனால் நாங்கள் கேட்டு, எழுதி, தந்திக் கம்பி வழியாகத் தலைமையிடத்துக்கு அனுப்புவோம்; கம்பியில் அங்கிருந்து வருவதை மலைக்கு அனுப்புவோம்.

சில நாள் பட்டப்பகலில் அது செத்துப்போகும். பேசிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்தினது மாதிரி, இரைச்சல்கூட இல்லாமல் அடங்கிவிடும். பத்து நிமிடமோ அரை மணியோ கழித்துத் தானாக உயிர் வரும். வயர்லெஸ் செட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் பழுது இருக்காது. லீவில் வந்தபோது உன்னிடம் இதைச் சொன்னேன்.

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தாய். "எந்தெந்த நாள்னு சொல்லாத. சொல்லக் கூடாது இல்ல? ஆனா அத்த எழுதி வெச்சுக்கினு வர்றியா?"

"லாக் புக்ல எழுதித்தான ஆவணும்?"

"இருக்கிறத இருக்கிற மாதிரி எழுது. புஸ்தகத்துல போட்டிருக்கான்டா முனி. சூரியன்ல பெரிய புள்ளி வந்தா வயர்லெஸ் கெடும்னு."

நான் சிரித்தேன். சூரியன் எங்கே, என் செட் எங்கே? சிரித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டால் உனக்குக் கேட்குமா?

அடுத்த மாதமே வந்தது வினை. பகல் பதினொரு மணி சுமாருக்குத் தலைமையிடத்திலிருந்து ஓர் அவசரச் செய்தி. மலை மேல் போய்க்கொண்டிருக்கும் ஒரு குழுவைத் திருப்பிக் கூப்பிட வேண்டும், முன்னால் பனிப்புயல். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, செய்தி தட்டும் சாவியில் கை வைத்தேன். மறுமுனை செத்துக் கிடந்தது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கை வலிக்கும்வரை கூப்பிட்டேன். உயிர் வந்தபோது அவர்கள் செட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு மேலே நடந்துவிட்டார்கள். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்தார்கள். ஆறு பேரும் திரும்பினார்கள். இரண்டு பேருக்குக் கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

லாக் புத்தகத்தில் இருந்ததை இருந்தபடி எழுதியிருந்தேன். "ஒன்றும் கேட்கவில்லை. செட் சரியாக உள்ளது." அதுவே எனக்கு எமனாக வந்தது. செட் சரி என்றால் ஆள்தானே தவறு? ஆபரேட்டர் தூங்கிவிட்டான் என்று எழுத்தில் குற்றம் சாட்டினார்கள். என்னைக் கூடாரத்தில் காவலில் வைத்தார்கள். உனக்கு ஒரு கடிதம் மட்டும் போட்டேன். செட் செத்த நேரத்தில் நான் தூங்கிவிட்டேன் என்கிறார்கள், வேலை போகும், ஜெயிலும் வரலாம், நைனாவிடம் நீயே பக்குவமாகச் சொல் என்று எழுதினேன். உன்னை வா என்று எழுதவில்லை.

மூன்றாம் நாள் நீ வந்தாய். திருப்பதியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் நகரிக்கு வந்து, அங்கிருந்து நாலு மைல் நடந்து, வாசலில் நின்றாய். காவல்காரன் வடக்கத்தியான், போ போ என்றான். நீ போகவில்லை. கேப்டனின் ஜீப் வரும்வரை வெயிலில் நின்று, வந்ததும் வழி மறித்தாய். கூடாரத்து வாசலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வகுப்பில் பேசும் அந்த நிறுத்தி நிதானமான இங்கிலீஷில் சொன்னாய்: "நான் முனிரத்தினத்தின் அக்கா. ஆனால் தம்பிக்காகக் கெஞ்ச வரவில்லை. சூரியனைப் பற்றி ஒரு சாட்சி சொல்ல வேண்டும்."

கேப்டன் பஞ்சாப்காரர். கோபக்காரர் என்று பெயர். ஜீப்பிலிருந்து இறங்கினார். பிறகு, "உள்ளே வாருங்கள்" என்றார்.

விசாரணை மேசைக்கு முன்னால் உனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். நீ துணிப்பையிலிருந்து எட்டு நோட்டுகளை எடுத்து அடுக்கினாய்.

"வயர்லெஸ் கெட்ட தேதிகளை உங்கள் தம்பி உங்களுக்குச் சொல்லியிருக்கிறானா?" கேப்டனின் முதல் கேள்வியே அதுதான். சொல்லியிருந்தால் அது வேறு குற்றம்.

"இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த நோட்டுகளுக்கு மதிப்பு இருக்காது" என்றாய். "என் தேதிகளை நான் படிக்கிறேன். உங்கள் புத்தகத்தை நீங்களே வைத்துக்கொண்டு பாருங்கள். எனக்குக் காட்ட வேண்டாம்."

நீ படித்தாய். பெரிய புள்ளிக் கூட்டம் சூரியனின் நடுவட்டத்துக்கு வந்த நாட்களை மட்டும், தேதி தேதியாக. கேப்டன் லாக் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பேனாவால் குறித்தார். அந்த நாளோ அதற்கு அடுத்த நாளோ செட் செத்திருந்தால் ஒரு டிக். நீ பதினாலு தேதி சொன்னாய். ஒன்பதுக்குப் பேனா அசைந்தது. ஐந்துக்கு அசையவில்லை. அந்த ஐந்து முறையும் நான் உன்னைத்தான் பார்த்தேன்.

நீ கலங்கவில்லை. "எத்தனை ஒத்துப்போகவில்லை?" என்று நீயாகவே கேட்டாய்.

"ஐந்து."

"அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா நாளும் ஒத்துப்போகும் என்று நான் சொன்னால் அது ஜோசியம்."

கேப்டன் பேனாவை மூடினார். "இது தற்செயலாகவும் இருக்கலாம், டீச்சர். இதை வைத்து உங்கள் தம்பியை நான் விட முடியாது."

"வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. வெயில் அடிக்கிற ஊரெல்லாம் ஒரே நேரத்தில் கெடும் என்கிறது புத்தகம். இவன் செட் செத்த அந்த நேரத்தில் மற்ற நிலையங்களுக்குக் கேட்டதா என்று யாராவது விசாரித்தீர்களா?"

யாரும் விசாரிக்கவில்லை, அக்கா. ஒவ்வோர் இடத்திலும் தன் ஆள்மேல்தான் சந்தேகம். அதனால் ஒருவரும் அடுத்தவரைக் கேட்டதில்லை.

அன்று மாலையே மூன்று நிலையங்களுக்குக் கேள்வி போயிற்று. இரண்டு இடத்திலிருந்து உடனே பதில் வந்தது: தடங்கல் எதுவும் இல்லை. அதைச் சுபேதார் வந்து சொன்னபோது என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். மறுநாள் மூன்றாவது பதில் வந்தது. மேற்கே கடலோரம் இருந்த ஓர் ஆபரேட்டர், பெயர்கூட எனக்குத் தெரியாத மனிதன், இப்படி அனுப்பியிருந்தான்: "அந்த நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தண்டனைக்குப் பயந்து, சிக்னல் பலவீனம் என்று எழுதினேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன்."

கேப்டன் மற்ற இரண்டு இடத்துக்கும் மறுபடி அனுப்பினார், உண்மை சொன்னால் தண்டனை இல்லை என்று. ஒருவன் ஒப்புக்கொண்டான். இன்னொருவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. என்மேல் போட்ட குற்றத்தைத் தள்ளுபடி செய்தார்கள். இரண்டு மனிதர்களின் கால்விரல் போனது போனதுதான். நீ அதை மறக்க விடவில்லை. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, "உனுக்கு வேலை மிஞ்சிச்சு. அவங்களுக்கு இன்னா மிஞ்சிச்சு? அடுத்த தடவை முன்னாடியே சொல்ல முடியுமான்னு யோசி" என்றாய்.

அப்படித்தான் தொடங்கிற்று. கேப்டன் மேலிடத்துக்கு எழுதி, ஆறு மாதம் சோதனையாகச் செய்து பார்க்க அனுமதி வாங்கினார். நீ தினமும் வரைந்த படத்தின் நகல் காலை ரயிலில் கொடி காட்டும் கார்டு கையில் நகரிக்கு வரும். நான் அதை எங்கள் லாக் புத்தகத்தோடு வைத்துப் பார்த்து, ஒரு தாளில் நாளைக்கும் மறுநாளைக்கும் எச்சரிக்கை எழுதுவேன். மேகம் வரும், மழை வரும் என்று எழுதுகிறார்களே, அது மாதிரிதான். இது சூரியனில் அடிக்கிற புயலுக்கு.

உன் கணக்கு எளிது. புள்ளிக் கூட்டம் கிழக்கு ஓரத்தில் முளைத்தால் நடுவுக்கு வர ஏழு நாள். நடுவில் இருக்கும்போது வெடித்தால் பகலில் செட் சாகும், அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்துப் பூமியின் காந்தமே கலங்கும். மேற்கே போய் மறைந்துவிட்டால் நான் விட்டது தொல்லை என்பேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். "பின்பக்கமா சுத்திக்கினு இருக்குதுடா. இருபத்தேழு நாள் எண்ணிக்கினு இரு. இருந்துச்சின்னா அதே எடத்துக்கு வரும்" என்பாய்.

எல்லாம் பலிக்கவில்லை. இரண்டாம் மாதம் நான் பெரிதாக எச்சரிக்கை கொடுத்து, அதை நம்பி ஒரு பயிற்சியையே தள்ளிப் போட்டார்கள். அந்த இரண்டு நாளும் வயர்லெஸ் மணி மணியாகக் கேட்டது. கேப்டன் என்னைக் கூப்பிட்டுக் காது கிழியக் கத்தினார். உனக்கு எழுதினேன். பதில் ஒரு வரிதான்: "தப்பானதுக்குச் சிவப்பு மை. அழிச்சிடாதே." அந்தத் தாள்களில் சிவப்பு நிறைய இருக்கிறது. ஆனால் மாதம் ஏற ஏறக் குறைந்துகொண்டு வந்தது.

நடுவில் எல்லைக் கலவரம். இந்த ஊர் எங்களுக்கு, அந்த ஊர் உங்களுக்கு என்று மறியல், ரயில் நிறுத்தம். மூன்று நாள் ரயில் ஓடவில்லை. புத்தூர்வரை மாட்டு வண்டியிலும், பிறகு யாரோ தெரியாதவர் சைக்கிளிலும் நீ படத்தை அனுப்பி வைத்தாய். அதே சமயம் சித்தூர் கல்வி அலுவலகத்திலிருந்து உனக்கும் ஓலை வந்தது. தமிழில் பாடம் நடத்தும் டீச்சர்கள் எந்த மாநிலத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உன்னோடு நானும் சித்தூருக்கு வந்தேன். அந்தப் பக்கம் போனால் நல்ல ஊர் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். குமாஸ்தாகூடத் தெலுங்கில், "ஏம்மா, மீ தமிழ் வாள்ளு அந்தா போதுன்னாரு காதா?" என்று கேட்டார். உங்கள் தமிழாட்கள் எல்லாம் போகிறார்களே என்று.

"இங்க இருக்கிற தமிழ்ப் பொண்ணுங்களும் கூடவே வராங்களா?" என்று நீ தமிழிலேயே கேட்டாய். அவர் சிரித்துவிட்டார். இந்தப் பக்கமே இருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாய். மூச்சு வாங்கிற்று. உன் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பிறகு திருப்பதி ஆஸ்பத்திரி. ஈரல் கெட்டுப் போயிற்று, நாள் சொல்ல முடியாது என்றார் டாக்டர். உன்னிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

நீ படுத்த பிறகு படம் வரைந்தது உன்னோடு வேலை பார்த்த சரோஜனம்மா. தெலுங்கு வகுப்பு டீச்சர். மறியலின்போது உங்கள் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசாமல் இருந்தார்களே, அப்போதும் உன்னோடு பேசினவள். ஒருநாள் அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் படத்தோடு ஓடி வந்தாள். இருபத்தேழு நாளுக்கு முன் பார்த்த அதே கூட்டம் திரும்பி வந்திருந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு வால் முளைத்து, வட்டத்தின் நடுவை நெருங்கிக்கொண்டிருந்தது.

"கோவிந்தம்மா, இந்த பெத்ததி நான் பாக்கவே இல்ல" என்றாள். இவ்வளவு பெரியதைப் பார்த்ததே இல்லை என்று.

நீ படத்தை நெஞ்சின்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தாய். "நாளான்னிக்கு" என்றாய். நாளை மறுநாள் வெடிக்கும் என்று. "முனி, போய்ச் சொல்லிடு."

எனக்குத் தயக்கம். சோதனைக்கு இன்னும் சில வாரம்தான் பாக்கி. மேலிடத்தில் ஏற்கெனவே முணுமுணுப்பு. இன்னொரு தடவை பொய்யாகப் போனால் மூட்டை கட்டிவிடுவார்கள். அதைச் சொன்னேன். அந்த நிலையில் உன்னை விட்டுப் போகவும் எனக்கு மனசில்லை.

"தப்பாச்சின்னா உனுக்குத் தலைகுனிவு" என்றாய். பேச்சுக்கு நடுவே மூச்சு எடுத்துக்கொண்டாய். "சொல்லாம உட்டு நடந்துச்சின்னா? மலைமேல நிக்கிறவனுக்கு இன்னாடா பதில் சொல்லுவ?"

"நாளைக்குப் போறேன்க்கா."

"இன்னிக்கே போ. சொல்லிட்டு வா. நான் எங்க போவப் போறேன்?"

மத்தியான ரயிலுக்குப் போனேன். நீ சொன்ன பொய் இது ஒன்றுதான், அக்கா.

கேப்டன் என் தாளை இரண்டு முறை படித்தார். நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது என்றேன். அந்த வாரம் மலைமேல் இரண்டு குழுக்கள் நடந்துகொண்டிருந்தன. வழக்கமான அலைவரிசை செத்தால் செட்டைக் கட்ட வேண்டாம், நின்ற இடத்திலேயே நில்லுங்கள், ஒவ்வொரு மணிக்கும் இன்ன கீழ் அலைவரிசையில் கேளுங்கள் என்று அவர்களுக்கு முன்கூட்டியே உத்தரவு போயிற்று. தாளில் கேப்டன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நீ போய்விட்டாய் என்று தந்தி வந்தது.

நான் உன் பக்கத்தில் இல்லை. அது எனக்குச் சரியாகப் பட்ட நாளும் உண்டு, படாத நாளும் உண்டு. உன்னிடம் கேட்டால் என்ன சொல்லுவாய்?

உன்னை நம் ஊர் ஏரிக்கரையில் வைத்துவிட்டு மறுநாள் காலையே நிலையத்துக்குத் திரும்பினேன். நைனாதான் போகச் சொன்னார். "அது சொன்ன வேலைய முடிச்சுட்டு வாடா. மத்தத நான் பாத்துக்கிறேன்." கேப்டன் லீவு எடுத்துக்கொள் என்றார். வேண்டாம் சாப், செட்டில் உட்கார விடுங்கள் என்றேன்.

பத்தே முக்கால் மணிக்குச் செத்தது. உன் சாவுக்கு வராத அழுகை அப்போது வந்தது. ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதேன். சுபேதார் தோளில் கை வைத்தார். நாற்பது நிமிடம் கழித்து உயிர் வந்தது. அது வெறும் முன்னோட்டம். அடுத்த நாள் காலையிலிருந்தே வழக்கமான அலைவரிசை முழுதாகப் படுத்துவிட்டது. திசைகாட்டி முள்ளே லேசாக ஆடிற்று என்று சுபேதார் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்குத்தான், அன்றைக்கென்று பார்த்து, தலைமையிடத்திலிருந்து செய்தி வந்தது. மேல் கணவாயில் பனி சரிகிறது, இரண்டாவது குழு உடனே திரும்ப வேண்டும்.

சொல்லி வைத்த கீழ் அலைவரிசைக்கு மாற்றினேன். மணி அடிக்கும் நேரத்துக்குச் சாவியைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினேன். இரைச்சலுக்கு அடியில், கொசு பாடுகிற மாதிரி, விட்டு விட்டுப் பதில். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு காத்திருந்தார்கள், அக்கா. செய்தியைக் கொடுத்தேன். அந்தக் குழுவின் ஆபரேட்டர் அதைத் திருப்பித் தட்டிக் காட்டினான். கடைசியாக, "புரிந்தது. இறங்குகிறோம்" என்றான். பதினோரு பேர். பதினோரு பேரும் இரண்டு நாளில் அடிவாரம் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை.

இதுதான் நீ கேட்காமல் போன சேதி.

சோதனை என்ற பெயர் போயிற்று. இனிமேல் இது நிலையத்தின் நிரந்தர வேலை. செட் செத்தால் உடனே மற்ற எல்லா நிலையங்களையும் கேட்க வேண்டும், அதற்கு முன் எந்த ஆபரேட்டர்மேலும் குற்றம் எழுதக் கூடாது என்று உத்தரவும் வந்திருக்கிறது. உன் பெயர் அதில் இல்லை. கேப்டன் சேர்க்கச் சொல்லி எழுதினாராம், சிவில் ஆட்கள் பெயர் வராது என்று பதில். எனக்கு ஆத்திரம் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்னொரு தடங்கலும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை, பாடத்தில் இல்லாத வேலை எதற்கு என்று தொலைநோக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சரோஜனம்மா மூன்று நாள் சாவி கேட்டுப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்பினாள். நான் யூனிபாரம் போட்டுக்கொண்டு போய் அவர் அறையில் நின்றேன். பட்டாளத்தைக் காட்டி மிரட்டவில்லை. பதினோரு பேர் கதையைச் சொன்னேன். அந்தம்மா எழுந்து பீரோவைத் திறந்தார். ஆனால் அந்த மூன்று நாள் படம் இல்லை. நோட்டில் அந்த மூன்று நாளின் இடம் காலியாகத்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய தடங்கல் முன்னால் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் திருமலையை மேகம் மூடிவிடும். சில சமயம் வாரக்கணக்கில் திருப்பதியில் சூரியன் தெரியாது. நமக்குத் தெரியாது என்பதற்காகப் புள்ளிகள் வெடிக்காமல் இருக்குமா? மலைக்கு மேற்கே குப்பம் பக்கம் அவ்வளவு மேகம் தங்காது. ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். கடிதம் எழுதிக் கேட்டேன். "வரைகிறேன், ஒருமுறை வந்து காட்டிக் கொடுங்கள்" என்று பதில் போட்டாள். கேப்டன் எங்கள் ஸ்டோரிலிருந்து ஒரு பழைய தொலைநோக்கியை எழுதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். துணி சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். நாளைக்கு லீவு. காலை வண்டிக்கு நான் கிளம்புகிறேன்.

திருப்பதியில் மழை பெய்தால் ராமகுப்பத்தில் பார்ப்போம். ராமகுப்பத்திலும் பெய்தால் இன்னும் மேற்கே ஒருத்தியைத் தேடுவேன். நான் சாவியில் கை வைக்கிற காலம்வரைக்கும், அதற்குப் பிறகு என் இடத்துக்கு வருகிறவன் காலத்திலும், மலைமேல் நிற்கிறவனுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் விட மாட்டோம். இது உன் தலைமேல் அடித்துச் சொல்லும் சத்தியம், அக்கா.

உன் கூடப் பிறந்தவன்,
முனிரத்தினம்